இறக்கையில் விரித்த பாய்

அண்ணி, என் மூத்த அண்ணனின் மனைவி. சிறிய விமான நிலையம் ஒன்றில் எரிபொருள் நிரப்பும் பணியில் தற்காலிக ஊழியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. அங்கே இரண்டு டேங்கர் லாரிகள் இருந்தன. ஒன்றில் நீலச் சாயம் கலந்த விமானப் பெட்ரோல். மற்றொன்றில் ஜெட் எஞ்சினுக்கான, மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருள். பெட்ரோல் எஞ்சினுக்கு ஜெட் எரிபொருளை ஊற்றினால் விமானம் மேலே ஏறக்கூடும். பிறகு எஞ்சின் நின்றுவிடும். இத்தவறு நேராதிருக்க ஜெட் குழாயின் மூக்கை அகலமாகச் செய்திருந்தார்கள். பெட்ரோல் தொட்டியின் வாயில் அது நுழையாது. ஆனால் சில ஹெலிகாப்டர்களின் தொட்டி வாய் சிறியது என்பதால், அதே லாரியில் ஓர் ஒல்லி மூக்கும் இருந்தது.

அண்ணிக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. அதுவரை அவர் பெயரில் ஒரு குறைகூடப் பதிவாகக் கூடாது என்பது நிபந்தனை.

அன்று வந்த சிறு விமானத்தின் முகப்பில் 'டர்போ' என்று எழுதியிருந்தது. காற்றை அழுத்தித் தரும் கருவி பொருத்திய பெட்ரோல் எஞ்சினுக்கும் அப்படி எழுதுவதுண்டு. அண்ணி அதை ஜெட் வகை என்று எடுத்துக்கொண்டார். கீறல் விழாதிருக்க இறக்கையில் ரப்பர் பாயை விரித்தார். அகல மூக்கு நுழையவில்லை. ஒல்லி மூக்கை மாட்டி நிரப்பினார். பாயைச் சுருட்டியபோதுதான் அடியிலிருந்த 'பெட்ரோல் மட்டும்' என்ற ஒட்டுத்தாள் தெரிந்தது.

விமானத்தை வாடகைக்கு எடுத்திருந்த விமானி அதற்குள் இருக்கையில் அமர்ந்துவிட்டார். எண்ணெய் மாறிவிட்டது, கிளம்ப வேண்டாம் என்று அண்ணி சொன்னார்.

"ஜெட்தானே ஊத்தணும்? முன்னாடி டர்போன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?"

"படிச்சுட்டுத்தான் சார் தப்பா ஊத்திட்டேன்."

தனக்கு நேரமாகிறது என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் எஞ்சினைக் கிளப்புமுன் அண்ணி லாரியை விமானத்துக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

மேற்பார்வையாளர் வந்து, தொட்டியின் அடியிலிருந்து சிறிது எடுத்து வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டார். வெறும் பெட்ரோல் என்றால் காய்ந்து தடமே இராது. இது எண்ணெய் வட்டமாகப் படிந்தது. விமானி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

தொட்டிகளைக் காலி செய்தபின் மேற்பார்வையாளர் அண்ணியைத் தனியே அழைத்தார். அவர் இளகிய மனம் கொண்டவர்.

"ஏம்மா, பைலட்தான் ஜெட் கேட்டார்னு எழுதிடவா? அவரும் அப்படித்தானே நினைச்சிருக்கார்."

"அவர் எதுவும் கேக்கல சார். நானும் அவரைக் கேக்கல. அதான் நடந்தது."

மேற்பார்வையாளர் அப்படியே எழுதிக்கொண்டார்.

பிழைக்கத் தெரியாதவள் என்று அண்ணன் அன்று வீட்டில் குறைபட்டுக்கொண்டார். விமானி பிழைத்துவிட்டார் என்று அண்ணி நினைவூட்டினார்.

அண்ணி அன்று கவனமாக இருந்தார் என்று நான் எழுத மாட்டேன். உண்மையைச் சொன்னார் என்று எழுதலாம். அதன்பின், பெட்ரோலா ஜெட்டா என்று விமானியின் வாயால் கேட்டுக்கொள்ளாமல் அவர் குழாயைத் தொட்டதில்லை.

குறை பதிவாயிற்று. வேலை நிரந்தரமாக மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.