அக்கா அடித்துக் கொடுத்த கட்டளைகள்

"சாய்ஞ்ச கோடு, இ, டி, சி, பொறவு திரும்ப ஒரு சாய்ஞ்ச கோடு. சரியா தம்பி?" போனில் ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அக்கா தட்டும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் குடோனில் எங்களுக்கு ஒரு சர்வர் இருந்தது. வந்த சரக்கு, போன சரக்கு எல்லாவற்றையும் அதில் ஏற்றுபவர் அக்கா. நாற்பதை நெருங்கியவர். கூமாப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். டைப்ரைட்டிங் மட்டும் படித்தவர். கருப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தானாகவே பழகிக்கொண்டவர்.

ராஜபாளையத்தில் இருந்தபடியே அந்த சர்வருக்குள் நுழைய ஒரு ரிமோட் லாகின் மென்பொருள் போட வேண்டும் என்றார் மேனேஜர். அதன்பின் குடோன் சிட்டையைப் போனில் கேட்டு இங்கிருந்தே ஏற்றிவிடலாம். அங்கே கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஆள் தேவையில்லை. "அவளயே போட்டுக் குடுக்கச் சொல்லு. எதுக்குன்னு மட்டும் சொல்லிராதல."

பிளாப்பியை லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். நான் போனில் சொல்லச் சொல்ல அக்கா அதை ஏற்றினார். யார் யார் நுழையலாம் என்ற பட்டியலில் என் பெயரைச் சேர்த்தார். கரண்ட் போய் வந்தாலும் அது தானாக ஓடும்படி செய்தார். ஒரு பிழையும் இல்லை. "இனி நீங்க அங்கன இருந்தே பாத்துக்கிடலாம்லா. எனக்கும் ஒரு தொணையாச்சு" என்றார்.

மறுநாள் காலை மோடத்துக்கென்று இருந்த தனிப் போன் லைன் வழியாக உள்ளே நுழைந்தேன். யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்று பார்த்தால் அக்காவின் பெயரும் என் பெயரும். பின்னால் நின்ற மேனேஜர் சொன்னார்: "அவள வெளிய தள்ளு."

"சார்..." என்று இழுத்தேன்.

"ஒன் பேரையும் சேத்து எடுக்கணுமா?"

அக்காவின் கணக்கைப் பூட்டினேன். அவர் இணைப்பை மட்டும் துண்டித்தேன். உடனே போன் அடித்தது. "தம்பி, என்னைய உள்ள விடமாட்டேங்குது." மெஷினில் ஏதோ கோளாறு, முயற்சி பண்ணிப் பாருங்கள் என்றேன்.

அவர் முயன்றார். தோற்ற ஒவ்வொரு முயற்சியும் அவர் பெயரோடு எங்கள் திரையில் ஒரு வரியாக விழுந்தது. மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிளார்க்குகள் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். "எத்தன தடவ அடிக்காள்னு பாப்போம்." ஒவ்வொரு வரிக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினெட்டோடு வரிகள் நின்றன.

மதியம் அக்கா எங்கள் முன் வந்து நின்றார். பஸ்ஸில் நின்றே வந்திருப்பார் போல, சேலையெல்லாம் கசங்கியிருந்தது. பிளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "நாந்தான் கெடுத்துட்டேன் போல சார். மன்னிச்சிருங்க."

மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். முந்தின நாள் நான் சொன்னதைப் போலவே அவரும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அக்கா வாய்விட்டுத் திருப்பிச் சொல்லியபடி எழுதினார்: என் கவனக்குறைவால் சர்வர் பழுதானது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். தாளை மடித்து வைத்துக்கொண்டு, "நாளையிலருந்து நீங்க வர வேண்டாம்மா" என்றார் மேனேஜர்.

அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து, "மெஷின் சரியாயிருமா தம்பி?" என்றார்.

"ஆயிரும்க்கா."

எங்கெங்கோ இருக்கும் சர்வர்களுக்குள் வீட்டிலிருந்தே நுழைந்து வேலை பார்ப்பதுதான் இன்றும் என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிட்டாய்க் கடையில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அடையாளம் கண்டு சிரித்தார். வீடு, பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அன்னைக்கு நான் என்ன தம்பி தப்பா அடிச்சேன்?"

உண்மையை எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். "ஒரே ஒரு எழுத்துதாங்க்கா மாறிப்போச்சு" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அம்புட்டுத்தானா? அப்பவே சொல்லிருந்தா திருத்திருப்பேன்லா."