தெற்குச் சுவரில் தொங்கிய மதுரை மாவட்டம்

சமயநல்லூரை விட்டு ஒரு மைல் நடந்த பிறகுதான், கொடியில் காயப்போட்ட மாற்றுச் சட்டை நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. புரோட்டாக் கடையில் மாவு பிசைகிற வேலை, அன்று விடியும்போதே முதலாளிக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. சட்டையை அவர் வைத்துக்கொண்டாலும் போட முடியாது. ஒரு கை நுழைந்தாலே பெரிது.

எழுபதுகளின் கடைசி, கோடை விடுமுறைக் காலம். மதுரையைப் பார்த்து நடந்தால் காலை வெயில் முகத்தில்தான் அடிக்கும். செருப்பு போன மாதமே போய்விட்டதால் தார் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணில் நடந்தேன். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை. எனக்கு அது பழக்கம். வயிற்றுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கும்.

பரவை தாண்டி ஒரு பள்ளிக்கூடம். விடுமுறையில் பூட்டிக் கிடக்க வேண்டிய இடத்திலிருந்து உப்புமா வாசனை வந்தது. உள்ளே போனேன். வேப்பமரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்த சமையல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன மாப்ள, வாத்தியாரா?”

“பார்த்தா அப்படியாண்ணே தெரியுது?”

“பார்த்தா சாப்பிட்டு நாளான மாதிரி தெரியுது. அதான் வாத்தியாரோன்னு கேட்டேன். நாலு குடம் தண்ணி இறைச்சு ஊத்து. உப்புமா இருக்கு.”

தண்ணீர் ஊற்றிவிட்டு நான் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். சுற்று வட்டாரத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு அங்கே கோடை முழுவதும், அணிக்குப் பத்து நாளாகப் பயிற்சி. படம், பந்து, புளியங்கொட்டை எல்லாம் வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் அடுத்த பத்து நாளும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். முதல் நாள் சுண்டல் கொடுத்தார்கள், ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாம் நாள் சுண்டல் நின்றது, பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். அதிலிருந்து ஆசிரியர்களே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்காருகிறார்கள்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வழுக்கைத் தலை ஒருவர் எழுந்து நின்று, “டீச்சர், இவன் என் பலப்பத்தைப் பிடுங்கிட்டான்” என்று புகார் செய்துகொண்டிருந்தார். அவர்தான் அந்தப் பள்ளித் தலைமையாசிரியராம்.

பிள்ளைகளாக நடிப்பதில் அவர்களுக்குக் குறையே இல்லை. கேள்வி கேட்டால் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். டீச்சர் “நம்ம மாவட்டத்துல...” என்று வாயைத் திறந்ததுமே முப்பது பேரும் “வைகை!” என்று கத்தினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி நோட்டை மூடினார்.

“எல்லாம் தெரிஞ்சவங்களுக்குப் பாடம் எடுத்தா நான் எதைப் பார்த்து எழுத? ஒண்ணும் தெரியாத ஆளு ஒருத்தர் வேணும்யா எனக்கு!”

“சார், அப்படி ஒண்ணு இங்க உப்புமா தின்னுக்கிட்டு இருக்கு” என்றார் சமையல்காரர்.

கையைக் கழுவிக்கொண்டு போனேன். நாலாவதோடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். வாசலில் டீச்சர் என்னை மறித்தார். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கையில் பிரம்பு இருந்தது.

“அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எடக்குமடக்கா எதுவும் கேட்டுறாதீங்க. நாலு மாசக் கைப்பிள்ளையை எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். இன்னும் ரெண்டு நாள்ல பயிற்சி முடியுது. இன்னைக்குத் தேறலைன்னா இன்னொரு பத்து நாள் இங்கதான் கிடக்கணும்.”

“நீங்க என்ன சொன்னாலும் தலையாட்டுறேன் தாயி” என்றேன்.

முன் வரிசையில் தலைமையாசிரியர் எனக்கு இடம் விட்டார். தெற்குச் சுவரில் கரும்பலகை. அதன் மேல் ஆணியில், துணியில் ஒட்டிய மதுரை மாவட்டப் படம். அலமாரியில் பூட்டி வைத்தே காப்பாற்றியதால் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. டீச்சர் பிரம்பால் வடக்கு, தெற்கு காட்டினார். தலையாட்டினேன். மலை காட்டினார், ஆறு காட்டினார். ஆட்டினேன்.

“புரிஞ்சுதாய்யா?” என்றார் அதிகாரி.

“நல்லாப் புரிஞ்சுது சார்.”

“அப்ப நீ வந்த வழியைக் காட்டு.”

எழுந்து போனேன். எழுத்துக் கூட்டி சமயநல்லூரைக் கண்டுபிடித்தேன். மதுரைக்கு இடது பக்கம், கொஞ்சம் மேலே இருந்தது. அங்கிருந்து விரலை வலது பக்கமாக இழுத்தேன். பாதி வழியில் விரல் நின்றுவிட்டது. வாக்குக் கொடுத்தது நினைவில்தான் இருந்தது, ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

“சார், நான் வரும்போது வெயில் முகத்துல அடிச்சுச்சு. இந்தப் பக்கமா நடந்தா முதுகுலல்ல அடிக்கும்? சமயநல்லூரு அங்கிட்டு இருக்கு” என்று என் வலது கைப்பக்கம், பின்னால் இருந்த ஜன்னலைக் காட்டினேன். “படத்துல இங்கிட்டுப் போட்டிருக்கு. அதோட டீச்சர் வடக்குன்னு கூரையைக் காட்டுறாங்க. வடக்கு நமக்கு முதுகுக்குப் பின்னாலல்ல இருக்கு?”

வகுப்பு சிரித்தது. “இம்புட்டு நாளா நல்லா இருந்த மாவட்டம்யா, ஒரே நாள்ல திருப்பிட்டான்” என்றார் ஒருவர். டீச்சர் சிரிக்கவில்லை. அதிகாரியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், சாப்பிட்ட சோற்றுக்குத் துரோகம் செய்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு பிரம்பைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார்.

“எல்லாரும் எந்திரிங்க. தரையில விரிக்கப்போறேன்.”

மூன்றாம் வகுப்பு மாணவராக இருந்த தலைமையாசிரியருக்குச் சட்டென்று ஐம்பது வயது திரும்பி வந்தது. “டீச்சர்! அது ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இருக்கு! கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார். அந்த மூலையைப் பிடிங்க.”

பிடித்தார். படத்தின் தலைப்பக்கம் வாசலைப் பார்க்கும்படி டீச்சர் திருப்பிப் போட்டார். வாசல்தான் வடக்கு. நான் தென்பக்கம் போய் வாசலைப் பார்த்து நின்றேன். படத்துச் சமயநல்லூர் நிஜச் சமயநல்லூரைப் பார்த்துக் கிடந்தது. அழகர்கோவில் மலை வலது பக்கம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. மேற்கு மலையிலிருந்து வந்த வைகையும் ஒழுங்காகக் கிழக்கே ஓடியது. படத்தில் பேரில்லாத ஊர்களுக்கு டீச்சர் புளியங்கொட்டை வைத்தார். நாங்கள் நிற்கிற இடத்துக்கு ஒன்று. வைகைக்குத் தெற்குக் கரையில் ஒன்று.

“அது எந்த ஊரு?” என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. டீச்சர்தான் சொன்னார். “கோச்சடை சார். எங்கம்மா வீடு.”

“அங்க போகணும்னா எங்கிட்டுய்யா போகணும்?”

இரண்டு கொட்டைகளையும் பார்த்தேன். திரும்பி, கரும்பலகையைத் தாண்டிக் கையை நீட்டினேன். “அங்கிட்டு சார். ஆத்தைத் தாண்டணும்.”

முப்பது ஆசிரியர்களும் சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் படத்துக்குத் திரும்பினார்கள். டீச்சர் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி நோட்டைத் திறந்து ரொம்ப நேரம் எழுதினார்.

“டீச்சர், அடுத்த அணியில உங்க பேரு இல்ல. இனிமே எல்லாரும் பாடத்துக்கு முன்னாடி படத்தை இறக்கிருங்க.” என் பக்கம் திரும்பினார். “நாளைக்குக் கணக்கு. பின்னம் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“வகுத்தல்?”

“மீதி வந்தா தெரியாது.”

“இலக்கணம்?”

“கேள்விப்பட்டிருக்கேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “சமையல்காரரே, இந்த ஆளை எங்கயும் விட்டுறாதீங்க.”

மறுநாள் காலை கிணற்றில் குளித்து, சமையல்காரர் கொடுத்த எண்ணெயைத் தடவித் தலை வாரிக்கொண்டு, மீசையோடு மூன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். அந்தக் கோடை முடியும்வரை வேலை, மூன்று வேளைச் சாப்பாடு. மணி அடிக்கும் முன்பே நான்கு ஆசிரியர்கள் நோட்டும் பென்சிலுமாக என்னைச் சூழ்ந்துகொண்டார்கள், எனக்கு என்னென்ன தெரியாது என்று எழுதிக்கொள்ள.