ஹில்க்கா திறக்காத கதவு

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் அத்துமீறியவனை இரண்டு நிமிடம் உட்கார வைக்கும் கூண்டின் கதவைத் திறந்து மூடுவதுதான் ஹில்க்காவின் வேலை. கூலி கிடையாது, ஆட்டம் முடிந்ததும் ஒரு காபியும் இறைச்சி வைத்த பன்னும். ஆர்மாஸை அவள் முதன்முதலில் பக்கத்தில் பார்த்தது அந்தக் கூண்டில்தான். விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். அவனையே கட்டிக்கொண்டாள். ஊர் அணிக்காக அடித்தும் தலையில் அடிபட்டும் ஓய்ந்த ஆர்மாஸ் இப்போது வீட்டோடு இருக்கிறான். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பான். பதில் பிடிக்காவிட்டால் கையில் இருப்பது பறக்கும். அவள் புருவத்துத் தழும்பு பால் ஜாடி போட்டது.

இந்த வருஷம் ஊர் அணி முதல் பனி விழுந்தபோது தோற்கத் தொடங்கி, அது உருகும்வரை தோற்றது. கோல் போட வராதவர்கள் கையை நீட்டத் தொடங்கினார்கள். கூண்டின் தரையில் ஹில்க்கா ரத்தம் துடைக்காத ஆட்டமே இல்லை.

கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, எதிரணித் தடியன் ஒருவன் ஊர் அணியின் இளைஞன் நீலோவின் தாடையில் முழங்கையை இறக்கினான். தலைக்கவசம் கழன்று உருண்டது. வெறுந்தலை தடுப்புக் கண்ணாடியில் மோதியது. தள்ளாடி எழுந்த நீலோ அவன் மூக்கில் ஒரு குத்து விட்டான். நடுவர் பார்த்தது குத்தை மட்டும்தான்.

"போ கண்ணு, அம்மா மடியில உக்காந்துக்கோ!" என்றான் தடியன்.

"முதல்ல உன் மூக்கைத் தேடி எடுடா!" என்று நீலோ திருப்பிக் கத்தினான்.

நீலோ கூண்டுக்குள் விழுந்தான். "இது எத்தனையாவது கட்டம்க்கா?"

"மூணாவது, கடைசி."

ரத்தத்தைத் துப்பினான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "இது எத்தனையாவது கட்டம்க்கா?"

ஹில்க்கா திரும்பிப் பார்த்தாள். ஒரு கண்ணின் கருமணி மட்டும் விரிந்து கிடந்தது. அந்தக் குரல் அவள் சமையலறையில் தினமும் கேட்கிற குரல்.

"நீ இனிமே ஆடக்கூடாது."

"வாயத் திறந்துடாதீங்கக்கா. கோச் என்னைக் கொன்னுடுவாரு."

"டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று நேரம் குறிப்பவர்களின் மேசைப் பக்கம் கத்தினாள். அரங்கத்தின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. இரண்டு நிமிடம் முடிந்தது. அவள் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"திறங்க!"

"மாட்டேன்."

அவன் தடுப்பின் மேல் காலைப் போட்டான். அவள் இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கை வந்து அவள் வாயில் இடித்தது. பல் ஒன்று உடைந்து நாக்கில் உருண்டது. பிடியை விடவில்லை. "திறடி கிழவி!" என்று பின்னாலிருந்து ரசிகன் ஒருவன் அவள் தலையில் பீரைக் கொட்டினான். ஓர் ஆள் குறைவாக நின்ற ஊர் அணியின் வலையில் கோல் விழுந்தது. அதுதான் ஆட்டத்தின் கடைசிக் கோல்.

நீலோ அவளை அடிக்க முஷ்டியை ஓங்கினான். ஓங்கிய கையோடு மண்டியிட்டு, அவள் காலிலேயே வாந்தி எடுத்தான். டாக்டர் அதற்குப் பிறகுதான் ஓடிவந்தார்.

வீட்டில் ஆர்மாஸ் விழித்திருந்தான்.

"யார் ஜெயிச்சா?"

"தோத்துட்டோம். கீழ இறங்கிட்டோம்."

கோப்பை சுவரில் பட்டுச் சிதறியது. "யாரால?"

"என்னால."

அவளுடைய வீங்கிய உதட்டையே பார்த்தான். "நான் அடிச்சேனா?"

"இல்ல. நீலோ."

"ம்." ஆர்மாஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். "யார் ஜெயிச்சா?"

மேசையில் இன்னொரு கோப்பை இருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்துதான் ஹில்க்கா பதில் சொன்னாள்.