அம்மாவும் இரட்டைக் கார்புரேட்டரும்

அம்மா எதைக் கழற்றினாலும் சாப்பாட்டுத் தட்டில்தான் வைப்பாள். முன் கார்புரேட்டருக்கு ஒரு தட்டு, பின்னதற்கு ஒரு தட்டு. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் அந்தக் கருவி எங்கள் ரைலி காரில் இரண்டு.

அம்மாவின் பெயர் ஃப்ளோரா. வயது ஐம்பத்திரண்டு. சாந்தோமில் கணக்கு டீச்சர். ஸ்பானரைப் புடவைத் தலைப்பில் துடைக்கும் கெட்ட வழக்கம் உண்டு. அடைப்பெடுக்க நுண்துளைகளில் ஊசி விடமாட்டாள்; துளை பெரிதாகிவிடுமாம். வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். மூட்டுகளில் கசியாமலிருக்க வைக்கும் பாக்கிங்கை வெட்டுவது மாணவிகளின் பழைய நோட்டு அட்டையில்.

"பியாட்ரிஸ் கணக்குல வீக்கு. அட்டை ஸ்ட்ராங்கு."

சண்டைக்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் அப்பா வண்டியைச் செங்கல்மேல் ஏற்றினார். சண்டை முடிந்தது. இந்த வருஷத் தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முன், அப்பா இறந்தார். வண்டி இறங்கவில்லை. அம்மாவின் தம்பி லியோனார்ட் மாமா அதை வாங்க ஓர் ஆளைப் பார்த்துவிட்டார்.

"இத வச்சிக்கினு இன்னாக்கா பண்ணப் போற? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பார்ட்டி வந்து இழுத்துக்கினு போயிடுவான்."

"அதுக்குள்ள ஸ்டார்ட் ஆவலன்னா இழுத்துக்கினு போவட்டும். ஆச்சுன்னா அந்தாளு கேட்டாண்ட வரக்கூடாது."

சனிக்கிழமை, உதவுவதாக நினைத்து, இரண்டு தட்டையும் ஒரே மண்ணெண்ணெய்ச் சட்டியில் கவிழ்த்துக் கழுவினேன். ஒரே அளவு, ஒரே வார்ப்பு. எது எதற்கும் பொருந்தும். கிண்டியில் நான் படித்த பொறியியல் அப்படி.

"அளவு ஒண்ணுதான்டா காஸ்பர். தேய்மானம் ஒண்ணா?"

அதற்குமேல் திட்டவில்லை. கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் குட்டிப் பிஸ்டன் ஒன்றை ஒரு கூட்டில் பொருத்தி, விரலால் தூக்கி விட்டாள். பாதியில் சிக்கியது. கூட்டை மாற்றினாள். மெதுவாக இறங்கி அடியில் 'டிக்' என்றது.

"ஆங். இவனுக்கு இவதான்."

மற்ற உருப்படிகளுக்கும் இப்படியே ஜோடி பார்த்தாள். சாயங்காலம் ஆயிற்று. அம்மாவின் வாய்க்குள் ஏதோ கீர்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா போனபின் அன்றுதான் அதைக் கேட்டேன்.

ஞாயிறு பூசையிலிருந்து வந்ததும் வண்டியை இறக்கினோம். நான் வண்டி மூக்கில் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினேன். இருமுறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அம்மா ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் மாற்றி மாற்றி வைத்து, இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விடும்வரை திருகைத் திருப்பினாள்.

மாமா ஆளோடு வந்து கேட்டருகே நின்றார்.

"சரிக்கா, ஓடுது. ஓட்டறது யாரு? மச்சான்தான் இல்லியே."

அம்மா கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். அப்பா ஆறடி உயரம். அவள் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. குனிந்து, அடியிலிருந்த பிடியை நெம்பி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.