ஸ்பீக்கருக்குப் பதில் சொல்லும் தவளை

கரமனையாற்றை ஒட்டி எங்கள் ஃபிளாட். குடிவந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் முழுக்கச் சதுப்பு. முதல் மழைக்கே தவளைகள் போட்ட கூச்சலில் தூக்கம் போச்சு. அசோசியேஷனில் புகார் கொடுக்கத்தான் அதை ஃபோனில் ரெக்கார்ட் செய்தேன்.

அப்புறம் சதுப்பில் செம்மண் கொட்டி நிரப்பினார்கள். இப்போது அது விசிட்டர் பார்க்கிங்.

போன வருஷம் ஃபிளாட் வளாகத்துப் பார்க்கில் ஸ்பீக்கர் வைத்தார்கள். நேச்சர் சவுண்ட் ஏதாவது இருக்கா என்று செக்ரட்டரி கேட்டார். அந்த ரெக்கார்டிங்கையே கொடுத்தேன்.

"ஒறிஜினல் போலத்தன்னே உண்டு, கேட்டோ!" அசல் மாதிரியே இருக்கிறது என்று மலையாளத்தில் பாராட்டித் தோளில் தட்டினார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதுதான் ஓடுகிறது.

இன்று மழையில் கரண்ட் போய் ஸ்பீக்கர் நின்றது. தவளைச் சத்தம் நிற்கவில்லை. பார்க்கிங் ஓரத்து மழைநீர் ஓடைக்குள்ளிருந்து ஒரே ஒரு குரல்.

வாட்ச்மேன் செல்வம் தென்காசிக்காரர். "டெய்லி ஸ்பீக்கருக்குப் பதில் சொல்லும் சார்," என்றார். "போன மழைக்கு ரெண்டு கெடந்துச்சு. இப்ப இது மட்டுந்தான்."

கொஞ்சம் கத்தியது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல நிறுத்தியது. மறுபடி கத்தியது.

கரண்ட் வந்ததும் செத்துப்போன அத்தனை தவளைகளும் ஸ்பீக்கரில் ஒன்றாகக் கத்தின. ஓடைக்குள் இருந்தது இன்னும் வேகமாகப் பதில் சொன்னது.

அணைத்துவிடலாம் என்று சுவிட்ச் வரை போனேன். கை வரவில்லை.

ஏழு மணிக்கு டைமரே அணைத்துவிடும். இப்போது ஆறு ஐம்பது. அதற்குப் பிறகு அதனிடம் யார் பேசுவது? யாராவது சொல்லுங்களேன்.