குமாரபாளையத்தில் சோற்றுக்குக் காசு கேட்கப் பழகிய வாரம்

சேலத்திலிருந்து குமாரபாளையம் போகிறவர்களில் பாதிப் பேர் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பவானிக்குச் சாமி கும்பிடத்தான் போவார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் நான் போனது தொழில் கற்றுக்கொள்ள. சொந்தத் தொழில் தொடங்கும் பெண்களுக்கு ஒரு வாரப் பயிற்சி, தங்க இடமும் சாப்பாடும் இலவசம். என் ஊறுகாய் உலகத்தையே ஆளப்போகிறது என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஆறு மணி டவுன் பஸ். சேலத்தில் ஏழேகாலுக்குச் சங்ககிரி வழி வண்டி. ஐம்பத்தைந்து கிலோமீட்டர், நாலு ரூபாய் சொச்சம், ஒன்றே முக்கால் மணி நேரம். "பாலத்துக்கு மின்னாலயே எறங்கிக்குங்க. அசந்தீங்கன்னா பவானிதானுங்க" என்றார் கண்டக்டர். இறங்கியதுமே தறிச் சத்தம். முதல் நாள் தலைவலி. மூன்றாம் நாள் அது இல்லாவிட்டால் தூக்கம் வராது.

எனக்குப் பக்கத்துப் பாயில் பாவாயி அக்கா. திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். கணவர் இறந்தபின் அண்ணன் வீட்டில் இருந்தார். தறி ஓட்டுபவர்களுக்குச் சாப்பாடு போட இங்கே ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டார். "நடத்திக் காட்டு. முடியலீன்னா ஊட்டுக்கு வந்துரு சாமி" என்று அண்ணன் சொல்லியிருந்தாராம். சனிக்கிழமை பார்க்க வருவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் ஒத்திகை, சாப்பிடுகிறவர்கள் நாங்களே. அரிசிம்பருப்புச் சோறு, நெய், தயிர். இப்போது நினைத்தாலும் எச்சில் ஊறுகிறது. கைகழுவிவிட்டுக் காசோடு நிற்கிறோம், அக்கா வாங்கவே மாட்டேன் என்கிறார். "உண்டு கைகழுவுனவங்ககிட்ட எப்படீங்க காசு கேக்கறது? பாவமுங்க." பயிற்சி கொடுத்த அம்மா கெஞ்சினார், அதட்டினார். ம்ஹூம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இவர் கடை நடத்தின மாதிரிதான்!

சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது அக்காவே சட்டென்று நிமிர்ந்தார். "உண்டவங்ககிட்டக் கேட்டாத்தானுங்க பாவம்? உண்கறதுக்கு மின்னாலயே வாங்கிட்டா?" தறிக்கூடத்தில் கழித்துப்போட்ட அட்டைகளை வெட்டி டோக்கன் செய்தோம். வாசலில் டோக்கன், உள்ளே இலை.

சனிக்கிழமை மதியம் தறிக்காரர்கள் வந்தார்கள், டோக்கன் வாங்கினார்கள், சாப்பிட்டார்கள். பிறகு அண்ணன் வந்தார், அக்காவின் பெட்டி படுக்கையை ஏற்றிப்போக ஒரு டெம்போவோடு! மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை. நேராக உள்ளே இலையில் உட்காரப் போனார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கூடப் பிறந்தவரிடம் சோற்றுக்குக் காசா? அக்கா ஒரு டோக்கனை எடுத்து நீட்டிவிட்டார்.

"அண்ணா, டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க."

அவர் வாசலுக்குத் திரும்பி வந்தார். பிறகு மடியை அவிழ்த்தார். "ரெண்டாக் குடு சாமி. டிரைவரும் பசியோட நிக்கறாரு."

இரண்டு பேரும் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். டெம்போ காலியாகத் திரும்பியது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், மதிய வெயில் பொல்லாதது. தொழில் தொடங்கப் போகிற பெண்களுக்கு மட்டும் ஒரு யோசனை: முதல் வாரத்திலேயே கூடப் பிறந்தவரிடம் காசு கேட்டுவிடுங்கள். அதற்கப்புறம் ஊரில் யாரிடமும் கேட்கக் கூச்சம் இருக்காது.