ஹாரம் மாற்றிய அக்கா

சித்தூரில் அங்கன்வாடி ஆயாவாக இருக்கும் என் அக்காவுக்கு அங்கேயே டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும். அம்மா படுத்த படுக்கையானபோது, கைக்குழந்தையாக இருந்த என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒன்பதாவதோடு நின்றவள் அவள். நாற்பத்தைந்து வயதில் ஓப்பன் ஸ்கூலில் சேர்ந்தாள்.

திருப்பதியில் கணக்கு டீச்சராக இருக்கும் நான் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். மற்றதெல்லாம் எப்படியோ ஏறியது. பின்னம் மட்டும் பிடிபடவில்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

"அரைத் தோசை துன்னுட்டு மேல இன்னும் கொஞ்சம் துன்னா, அரைய விடக் கொறஞ்சு போவுமா?" என்றேன்.

"தோசைன்னா தெரியுதுடி. நோட்டுல போட்டா தெரியல."

பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருந்தது. வகுப்புப் பிள்ளைகளிடம்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. "ஹாரத்த மாத்து, ஹாரத்த மாத்துன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று நோட்டைத் தட்டினேன். பின்னத்தின் கீழ் எண்ணுக்குத் தெலுங்குப் புத்தகத்தில் ஹாரம் என்று பெயர். தெலுங்கு மீடியத்தில் படித்த எங்கள் இருவருக்கும் அந்த வார்த்தைதான் தெரியும்.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். "ஹாரம்னா மாலைதானே? சர்ச்சு கல்யாணத்துல மாத்திக்கிறாங்களே, அப்டியா?"

எரிச்சலில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அதையே பிடித்துக்கொண்டாள். "அப்டீன்னா இவரோட ரெண்டு அந்தம்மாவுக்கு, அந்தம்மாவோட மூணு இவருக்கு" என்று முணுமுணுத்தபடி, அரையை மேலும் கீழும் மூன்றால் பெருக்கினாள். மூன்றில் ஒன்றை அதேபோல் இரண்டால் பெருக்கினாள். இரண்டுக்கும் கீழே ஆறு வந்தது.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வந்துட்டாங்க. இப்ப கூட்டலாம்."

ஆறில் ஐந்து. நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கும் கணக்குக்குள் ஒரு கல்யாணம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. கத்தியதற்கு வெட்கப்பட்டேன். அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஆனால் கட்டிக்கொள்ளவில்லை. அடுத்த கணக்கைக் கொடுத்தேன்.

அந்த எட்டு நாளும் அவள் வீட்டில் ஒரே கல்யாணம்தான். அவள் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தால், "இருங்க, இன்னும் ரெண்டு ஜோடிக்கு மாலை மாத்திக்கினு வர்றேன்" என்பாளாம். பாவம் மாமா, ஆறிப்போன குழம்பைத்தான் சாப்பிட்டார்.

ரிசல்ட் வந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன். அக்கா போன் செய்தாள். கணக்கில் முப்பத்தாறு. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்.

"ஒரே ஒரு மார்க்குதான் ஜாஸ்தி" என்றேன். டீச்சர் புத்தி எங்கே போகும்?

"எனக்கு முப்பத்தஞ்சு போதும்" என்றாள். "மேல வந்த ஒண்ணு, அன்னிக்கு நான் இடுப்புல தூக்கிக்கினு இருந்தேனே, அந்தப் பாப்பாவுக்கு."